துருப் பிடித்த பின் ஸ்பிரிங்: கை வைக்கும் முன்

ஒடிந்த ஸ்பிரிங்கில் விசை ஏது என்ற நினைப்பில்தான் பலர் காருக்கடியில் கையை விடுகிறார்கள். காயில் ஸ்பிரிங் பெரும்பாலும் ஒடிவது கடைசிச் சுற்றில், சேறும் உப்பு ஈரமும் தேங்கி நிற்கும் இடத்தில். மற்ற சுற்றுகள் முன்போலவே அமுங்கியபடி காரைத் தாங்கிக்கொண்டிருக்கும்.

ஒரு பின்சக்கரத்தின் மேல் 250 கிலோ பாரம், அதில் ஸ்பிரிங் 12.5 செ.மீ. அமுங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தேங்கியுள்ள ஆற்றல் சுமார் 155 ஜூல். 2 கிலோ எடையுள்ள ஸ்பிரிங் அத்தனையும் வாங்கிக்கொண்டு தெறித்தால் வேகம் மணிக்கு 45 கி.மீ.

1986-க்குப் பிந்தைய மாருதி 800, பழைய வேகன் ஆர் போன்றவற்றில் பின்புறம் ஸ்பிரிங் தனி, ஷாக் அப்சார்பர் தனி. பாடியை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்சிலை ஜாக்கியால் தாங்கி, ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றி, ஜாக்கியை மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் தளர்ந்து கையோடு வந்துவிடும். சொல்லும்போது சுலபம்தான். ஸ்டாண்ட் நிற்கும் தகடு தாங்கும், போல்ட் திரும்பும், ஆக்சில் ஒரே சீராக இறங்கும் என்று நம்பிச் சொல்லப்படும் முறை அது. கடலோர ஊரில் பதினைந்து மழைக்காலம் கண்ட வண்டியில் இந்த மூன்றில் எதையும் நம்ப முடியாது.

முதலில் தகடு. கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பு, பெயின்ட்டுக்கு உள்ளே அரித்துப்போயிருந்தாலும் வெளியே பளபளக்கும். ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திப் பாருங்கள். உள்ளே போனால் வண்டியைத் தூக்கவே வேண்டாம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது. ஹாலோ பிளாக்கை முட்டுக்கொடுப்பது அதைவிட மோசம். அது முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும். ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களைத்தான் பிடிக்கும். பின்புறம் அந்தரத்தில் இருக்கும்போது அதனால் பயனில்லை என்பதால், முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வையுங்கள்.

அடுத்தது போல்ட். துரு இளக்கும் எண்ணெயை முந்தின நாளே விட்டு ஊறவிடலாம். ஸ்பேனரில் நீளக் குழாயைச் செருகித் தொங்கினால் போல்ட்டுக்கு முன் வண்டி ஸ்டாண்டை விட்டு நகரக்கூடும். கேஸ் வைத்துச் சூடாக்குவதை ஒர்க் ஷாப்பில் பார்த்திருப்பீர்கள். வீட்டில் வேண்டாம்: பெட்ரோல் டேங்க், ரப்பர் பிரேக் ஹோஸ், அழுத்தத்தில் நைட்ரஜன் அடைத்த ஷாக், எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன.

அதிகம் கவனிக்கப்படாதது ஷாக்கின் இன்னொரு வேலை. சக்கரம் தொங்கும்போது ஆக்சிலை அதற்குக் கீழே போகவிடாமல் நிறுத்துவது அதுதான். அந்த நிலையிலும் ஸ்பிரிங்கில் கொஞ்சம் அமுக்கம் மிச்சமிருக்கும். ஜாக்கி ஆக்சிலைத் தொடாமல் இருக்கையில், அடித்து அடித்துக் கடைசியில் போல்ட் ‘டக்’கென்று விலகினால், ஆக்சில் ஒரே வீச்சில் விழும்; பிரேக் ஹோஸ் இழுபடும்; சுற்றுகளுக்கிடையே இருக்கும் விரல் நசுங்கும். இறங்கும்வரை எதிலும் கை வேண்டாம். கடப்பாரையால் நெம்பி எடுக்கும் வழக்கமும் உண்டு. அதைத் திறமை என்று நான் சொல்லமாட்டேன்.

ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகக் கோத்த வண்டிகளுக்கு, ஸ்பிரிங்கைக் கொக்கிகளால் அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸர் தேவை. துருச் செதிலின் மேல் அதன் கொக்கி வழுக்கும். விரிசல் கண்ட ஸ்பிரிங் இரு கொக்கிகளுக்கு நடுவிலேயே முறியவும் செய்யும். ஆகவே துரு தின்ற ஸ்பிரிங்கில் கம்ப்ரஸர் போடுவதை வீட்டு வேலையாகவே கருதாதீர்கள். மெக்கானிக்கிடம் கூண்டு போட்ட கம்ப்ரஸர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வண்டியை விடுங்கள்.

புது ஸ்பிரிங்கை இரு பக்கமும் சேர்த்தே போடுவது வழக்கம். போடுமுன் அது உட்காரும் தகட்டைச் சுரண்டிப் பாருங்கள். அங்கே ஓட்டை தெரிந்தால் ஸ்பிரிங்கை ஓரமாக வைத்துவிட்டு வெல்டரைக் கூப்பிட வேண்டியதுதான்.