மரப்பட்டையும் துணிப்பட்டையும்

கரீபியன் தீவுகளின் தைனோ மக்கள் வலை பின்னித் தொங்கவிட்டு அதில் உறங்கியதைக் கொலம்பஸ் குழுவினர் 1492இல் கண்டனர். அத்தொங்குபடுக்கை இன்று காட்டில் தங்குவோரின் முதுகுப்பையில் இடம்பெறுகிறது. இரு மரங்களுக்கிடையே அதைக் கட்டுவோர், தாங்கும் மரம் படும் பாட்டை எண்ணுவதில்லை.

மரத்தின் உணவுப்பாதை தண்டின் நடுவே இல்லை; புறப்பட்டையை ஒட்டிய மெல்லிய அடுக்கில் இருக்கிறது. இலைகள் ஆக்கிய உணவைப் புளோயம் வேருக்குக் கொண்டு செல்கிறது. அதனை அடுத்துள்ள கேம்பியம் தண்டைப் பருக்கச் செய்கிறது. 17ஆம் நூற்றாண்டில் இத்தாலிய அறிஞர் மால்பிகி ஒரு மரத்தின் பட்டையை வளையமாக நீக்கினார். கீழிறங்க வழியின்றி உணவு தேங்கவே, வளையத்தின் மேற்பகுதி வீங்கியது. மெல்லிய கயிறு இறுகி உராயும்போது அத்தகைய வளையத்தையே அறுக்கத் தொடங்குகிறது.

விறைப்பாகக் கட்டினால்தான் சுகம் என்பது வீண் எண்ணம். கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சரிவில் கயிறு அமைந்தால், ஒவ்வொரு பக்கத்து இழுவிசையும் படுப்பவரின் எடைக்குச் சமம். 15 பாகையானால் அது ஏறத்தாழ இருமடங்காகிறது. எனவே தொய்வு வேண்டும். 0.5 செ.மீ. கயிற்றுக்கு மாற்றாக 5 செ.மீ. அகலத் துணிப்பட்டையைச் சுற்றினால், அதே விசை பத்து மடங்கு பரப்பில் பரவும். ஆணி அறைதல் அறவே கூடாது. இளமரமும் பட்டமரமும் இதற்கு ஏற்றவையல்ல.

அவிழ்க்க மறந்த கட்டு இன்னும் கொடியது. மரம் பருக்கும்; கயிறோ நெகிழாது. நாளடைவில் அது பட்டைக்குள் புதைந்து மரத்தை நெரிக்கும்.