ஏரிக்கரை உடைப்பும் கிராமத்தின் முன்னேற்பாடும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்யும் மழையை எதிர்பார்த்தே நமது ஏரிகள் வெட்டப்பட்டிருக்கின்றன. வடக்கே ஏரி என்றும், மதுரை, இராமநாதபுரம் பக்கத்தில் கண்மாய் என்றும், திருநெல்வேலிச் சீமையில் குளம் என்றும் வழங்கும் இந்நீர்நிலைகள் தமிழ்நாட்டில் ஏறக்குறைய 39,000 இருப்பதாகக் கணக்கு. இவை நிறைந்தால்தான் ஊரில் நெல் உண்டு. அளவுக்கு மிஞ்சி நிறைந்தாலோ கரை உடைந்து ஊருக்கே நாசம் விளையக்கூடும். ஆகையால், கரைக்கு அபாயம் நேரும்போது கிராமத்தார் செய்ய வேண்டியவை யாவை, அவற்றுள் மழைக்கு முன்பே செய்துவைக்க வேண்டியவை யாவை என்பதைச் சங்கத்து அங்கத்தினர்கள் தெளிவாக அறிந்திருப்பது அவசியம்.

கரை திடீரென்று உடைந்துவிட்டது என்று பின்னால் சொல்லக் கேட்கிறோம். பெரும்பாலும் அது சரியன்று. மண்கரை உடைவதற்குச் சில மணி நேரம் முன்னதாகவே, சில இடங்களில் சில நாட்கள் முன்னதாகவே, பார்க்கத் தெரிந்தவர் கண்ணுக்குத் தன் நிலையைக் காட்டிவிடுகிறது. அந்தச் சில மணி நேரமே கிராமத்துக்குக் கிடைக்கும் அவகாசம். அந்நேரத்தில் சாக்கு எங்கே, சவுக்குக் கம்பு எங்கே, மதகின் சாவி யாரிடம் என்று தேடத் தொடங்கினால் அவகாசம் முழுவதும் தேடுவதிலேயே கழிந்துவிடும்.

2023-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி ஜில்லாக்களில் நேர்ந்ததை அங்கத்தினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று; அப்பிரதேசத்தில் ஓராண்டு முழுவதும் வழக்கமாகப் பெய்வதைவிட இது அதிகம். தாமிரவருணி கரைபுரண்டது, பல குளங்கள் உடைத்துக்கொண்டன, சாலையும் ரயில் பாதையும் அறுந்தன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, அதில் அகப்பட்டுக்கொண்ட நூற்றுக்கணக்கான பிரயாணிகளுக்கு அக்கம்பக்கத்துக் கிராமத்தாரே சமைத்துக் கொடுத்துக் காப்பாற்றினார்கள். வெளியிலிருந்து உதவி வந்து சேர்வதற்குள் ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகலாம் என்பதும், அதுவரை ஊரில் உள்ள அரிசியும் ஊரில் உள்ள ஆட்களுமே துணை என்பதும் இதனால் விளங்கும்.

மழையின் அளவைக் குறித்து ஒரு சிறு கணக்கு. வானிலை இலாகாவார் 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட மழையை ‘அதி கனமழை’ என்கிறார்கள். ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் 20 சென்டிமீட்டர் பெய்தால் விழுகிற ஜலம் 2 லட்சம் கன மீட்டர். உங்கள் ஏரிக்கு நீர் வரும் பரப்பு 5 சதுர கிலோமீட்டர் என்று கொண்டு, அதில் பாதியே ஓடிவருவதாக வைத்தாலும் ஒரே நாளில் 5 லட்சம் கன மீட்டர் ஏரிக்குள் சேரும். முன்மழையில் பூமி நன்றாக ஊறியிருந்தால் பாதியோடு நில்லாது. ஏரி ஏற்கெனவே நிறைந்திருக்குமாயின் இவ்வளவு ஜலமும் போவதற்குக் கலிங்கு ஒன்றே வழி. மேலும் நமது ஏரிகள் பெரும்பாலும் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சங்கிலிபோல் அமைந்தவை. மேலேரி உடைந்தால் அதன் ஜலம் முழுவதும் நம் ஏரியின் மேல் வந்து மோதும். ஆதலால் மேலூர்ச் சங்கத்தாரோடு பேச்சுவார்த்தை இல்லாத சங்கம், தன் ஊர்க் கரையை எவ்வளவு பலப்படுத்தினாலும் நிம்மதியாக இருக்க முடியாது. மேலூரில் இருவர், கீழூரில் இருவர் ஆகியோரது தொலைபேசி எண்களைச் சங்கக் கட்டடத்துச் சுவரில் எழுதிவைப்பது சிறிய காரியந்தான். இரவில் அதன் அருமை தெரியும்.

கலிங்கைப் பற்றி ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். இன்னும் ஓரடி நீரைத் தேக்கினால் கடைமடைக்கும் எட்டும் என்று கருதிக் கலிங்கின் மேல் கல்லும் மண்மூட்டையும் அடுக்கிவைக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. கடைமடைக்காரரின் கஷ்டம் உண்மையே. ஆனால் கரையின் உச்சிக்கும் நிறைமட்டத்துக்கும் இடையே விடப்பட்டுள்ள சில அடி உயரம் வீணாக விடப்பட்டதன்று. பெருமழையில் அலையும் வெள்ளமும் ஏறுவதற்கென்றே விடப்பட்டது. கலிங்கில் ஓரடி உயர்த்துகிறவர் கரையில் ஓரடி குறைக்கிறவரே ஆவர். மறுகால் ஓடையில் சீமைக் கருவேலும் ஆகாயத் தாமரையும் மண்டிக் கிடந்தாலும், யாராவது அதை மடக்கி உழுதிருந்தாலும், பலன் இதுவே. இவ்வழக்கைப் புரட்டாசியிலேயே ஊர்க்கூட்டத்தில் வைத்துத் தீர்த்துக்கொள்ள வேண்டும். வெள்ளம் வந்தபின் கலிங்கின் மேல் நின்று ஒரு தரப்பார் கல்லை எடுக்கவும் மற்றொரு தரப்பார் தடுக்கவும் முற்பட்டால் கைகலப்பே மிஞ்சும்.

முற்காலத்தில் இத்தகைய அவசரத்துக்கு ஊரார் அனைவரும் கரைக்கு வருவது குடிமராமத்து வழக்கத்தில் அடங்கியிருந்தது. வெள்ளச் சேதத்தைத் தடுப்பதற்கு ஆட்களைக் கட்டாயமாக அழைக்கலாம் என்று சென்னை மாகாணத்தில் 1858-ஆம் வருஷத்தில் ஒரு சட்டமே செய்யப்பட்டது. சட்டம் இருந்தும் அவ்வழக்கம் நாளடைவில் நலிந்து போயிற்று. கட்டாயத்தினால் வருகிறவன் நடுநிசியில் கரையின் மேல் நெடுநேரம் நிற்கமாட்டான் என்பது எமது அபிப்பிராயம். தன் வீட்டாரைப் பத்திரமான இடத்தில் சேர்த்துவிட்டோம் என்ற நம்பிக்கையும், கூலி கிடைக்கும் என்ற உறுதியும் உள்ளவனே நிற்பான். இவ்விரண்டையும் ஏற்பாடு செய்யத்தக்க ஸ்தாபனம் கிராமத்தில் கூட்டுறவுச் சங்கமே. 1904-ஆம் வருஷத்தில் திரூரில் முதற்சங்கம் தோன்றிய காலந்தொட்டுச் சங்கங்கள் கடன் கொடுக்கவும் வசூலிக்கவுமே உள்ளவை என்று எண்ணுவோர் உண்டு. ஆனால் ஊரார் பெயர், நிலம், குடும்பம் ஆகியவற்றின் கணக்கும், கிடங்கும், பல ஊர்களில் நியாய விலைக் கடையும் வேறு யாரிடம் இருக்கின்றன?

இனி, கரையில் காணும் அடையாளங்களைச் சொல்வோம். மழைக்காலத்தில் கரைக்காவலர் இருவர் இருவராகவே நடக்க வேண்டும். ஒருவர் உச்சியிலும் மற்றவர் வெளிச்சரிவின் அடியிலுமாகச் செல்வது உத்தமம். வெளிச்சரிவின் அடியில் சிறிது ஜலம் கசிவதனால் மட்டும் பயமில்லை. மண்கரை எதுவும் சற்றுக் கசியும். கசியும் ஜலம் தெளிவாக இருக்கிறதா, கலங்கியிருக்கிறதா என்பதே கேள்வி. ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து வைத்துப் பார்த்தால் அடியில் மண் படிவது தெரியும். மண் வருமானால் கரையின் உள்ளே துவாரம் அரித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். தெளிந்த கசிவும் மணிக்கு மணி அதிகமாகுமானால் அதையும் அவ்வாறே பாவிக்க வேண்டும்.

அப்போது அனுபவமில்லாதவர்கள் முதலில் செய்வது, ஜலம் வெளிவரும் வாயில் களிமண்ணை வைத்து அடைப்பது. இது தவறு. அடைபட்ட ஜலம் பக்கத்தில் வேறு வழி தேடிக் கரையை இன்னும் பலவீனமாக்கும். செய்ய வேண்டியது, ஊற்று எழும் இடத்தைச் சுற்றி மணல் மூட்டைகளால் கிணற்றுச் சுவர்போல் வட்டமாகக் கட்டி, உள்ளே நீர்மட்டத்தைச் சிறிது உயரச் செய்வதாகும். உள்ளே நிற்கும் நீரின் பாரமே கரைக்குள்ளிருந்து வரும் வேகத்தைத் தணிக்கும். மண் வருவது நின்று தெளிந்த ஜலம் வருமளவுக்கு உயர்த்தினால் போதும். அதற்குமேல் உயர்த்தாமல், மிகுந்த ஜலம் வழிந்தோட ஒரு வாய் விட வேண்டும். இதற்கிடையில் ஏரியின் உட்புறத்தில் சுழி தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். எலி வளை, நண்டு வளை, பட்டுப்போன மரத்தின் வேர் ஓடிய வழி ஆகியவற்றின் வாயில் சுழி தோன்றும். அந்த வாயைத்தான் வைக்கோலும் களிமண்ணும் திணித்த சாக்கினால் அடைக்க வேண்டும். சுழிக்குள் ஆளை இறக்குவது பேராபத்து. கரையிலிருந்தே கழியினால் சாக்கைத் தள்ள வேண்டும்.

காற்றடிக்கும்போது அலை உட்சரிவை அரித்தால், தழையோடு கூடிய மரக்கிளைகளைக் கயிற்றில் கட்டிக் கல் பாரத்தோடு சரிவில் தொங்கவிடலாம். வெளிச்சரிவு வெடித்துச் சரியத் தொடங்கினால் உச்சியில் பாரம் ஏற்றாமல், சரிவின் அடியில் மூட்டை அடுக்கித் தாங்கல் கொடுக்க வேண்டும். நீர் உச்சியைத் தொடுமளவுக்கு ஏறுமானால் உச்சியின் ஏரிப்புற ஓரத்தில் மூட்டைகளை வரிசையாக அடுக்க வேண்டும். ஜலம் ஓரிடத்தில் வழிந்து வெளிச்சரிவில் இறங்கிவிட்டால், அது கீழிருந்து மேலாக அரித்துக் கரையைப் பிளந்துவிடும்.

மூட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாக்கு நிறையத் திணித்துக் கட்டிய மூட்டை உருண்டையாகி, ஒன்றோடொன்று பொருந்தாமல் இடைவெளி விடும். பாதிக்குச் சற்று அதிகமாக நிரப்பி, வாயை மடித்துக் கீழே வைத்து, செங்கல் கட்டுவதுபோல் இணைப்பு மாற்றி அடுக்கிக் காலால் மிதித்துப் பதிக்க வேண்டும். காலியான உரச் சாக்குகள் சங்கத்தில் வருஷந்தோறும் சேர்கின்றன. ஐந்நூறு சாக்கு, இரண்டு வண்டி மணல், சவுக்குக் கம்பு, தேங்காய்நார்க் கயிறு, மண்வெட்டி, கடப்பாரை, கைவிளக்கு ஆகியவற்றைக் கரைக்கு அருகே மேடான இடத்தில் வைத்துவிட்டால், நடுத்தரமான ஓர் ஏரிக்கு முதல் நாள் வேலை நடக்கும். உபவிதிகள் இடங்கொடுக்குமாயின், பொது நன்மைக்கென ஒதுக்கிய தொகையிலிருந்து இச்செலவையும் கரைக்காவலர் கூலியையும் கொடுக்கலாம்.

மதகைத் திறப்பது, கலிங்கில் தடை நீக்குவது ஆகிய காரியங்களில் உத்தரவு கொடுப்பவர் ஒருவராகவே இருக்க வேண்டும். பொதுவாக 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தையும், பெரியவை நீர்வளத் துறையையும் சேர்ந்தவை. தம் ஏரி எவரைச் சேர்ந்தது என்பதையும், அவ்விடத்து அதிகாரி யார் என்பதையும் அறிந்து, கிராம நிர்வாக அலுவலர் மூலமாக முன்கூட்டியே தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும். ஊரார் தம் இஷ்டப்படி கரையை வெட்டிவிடுவது ஒருபோதும் கூடாது. வெட்டிய ஓரடி வாய் சிறிது நேரத்தில் பெரும் உடைப்பாகிக் கீழூரை அடித்துச் செல்லும். அவசரத்தில் ஜில்லாக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 என்ற எண்ணிலும், மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070 என்ற எண்ணிலும் தெரிவிக்கலாம்.

கரை நிற்காது என்று தோன்றியதும் ஆட்களை அப்புறப்படுத்துவதே முதல் வேலை. கரையின் கீழே தாழ்ந்த இடத்தில் இருப்பவை பெரும்பாலும் சேரியும் கூலி வேலைக்காரரின் குடிசைகளுமே. மேட்டுத் தெருவில் உள்ளவர்கள் செய்தியை முதலில் அறிவதும், பள்ளத்தில் உள்ளவர்கள் கடைசியில் அறிவதும் நமது கிராமங்களில் நெடுங்காலமாக இருந்துவரும் குறை. சங்கத்தார் இப்போதே வீடு வீடாகச் சென்று, நடக்க முடியாத முதியோர், கர்ப்பிணிகள், கைக்குழந்தை உள்ளவர்கள், தனித்திருப்பவர்கள் ஆகியோருக்கு ஒரு ஜாபிதா எழுதி, ஒவ்வொருவரையும் அழைத்துவருவது இன்னார் பொறுப்பு என்று குறிக்க வேண்டும். ஜாபிதா தாழ்ந்த வீட்டிலிருந்து தொடங்கட்டும். தங்கும் இடம் பள்ளிக்கூடமானாலும் மண்டபமானாலும் யாதொரு வித்தியாசமுமின்றி எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். அங்கே நுழைய அனுமதிப்பார்களோ என்று தயங்கி ஒரு குடும்பம் பின்தங்கினாலும் மற்ற ஏற்பாடுகளால் என்ன பிரயோஜனம்? அபாய அறிவிப்புக்கு ஒரே அடையாளம் வைத்துக்கொள்ளல் நலம்: கோயில் மணியோ, தண்டோராவோ, ஒலிபெருக்கியோ, எதுவானாலும் அதை வேறு காரியத்துக்கு உபயோகிக்கலாகாது. வீட்டை விட்டுப் புறப்படுமுன் மாடுகளின் கயிற்றை அவிழ்த்துவிட வேண்டும். அவிழ்த்த மாடு பெரும்பாலும் நீந்தி மேடேறும். கட்டிய மாடு தறியிலேயே மடியும். ஓடும் ஜலம் முழங்காலளவே ஆயினும் அதைக் கடந்து செல்லலாகாது. அறுந்து கிடக்கும் மின்கம்பியின் அருகே எவரும் போகக்கூடாது. பாம்பு தீண்டியவரைக் கீறியும் உறிஞ்சியும் காலம் போக்காமல், கடித்த அங்கத்தை அசையவிடாது 108 வண்டியிலோ கிடைத்த வாகனத்திலோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

சங்கத்தின் பேரேடுகள், நகைக் கடன் பெட்டி, அரிசி, உரம் ஆகியவை தரையில் இராமல் பலகைமேல் உயர்த்தி வைக்கப்பட்டிருப்பதைப் புரட்டாசியிலேயே நிர்வாகிகள் நேரில் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கத்தினர்கள் தத்தம் பட்டா, பாஸ் புத்தகம், குடும்ப அட்டை ஆகியவற்றை நீர் புகாத பையில் ஒன்றாக வைத்திருப்பார்களானால், பின்னர் நிவாரணம் பெறுவதில் அலைச்சல் குறையும்.

வெள்ளம் வடிந்தபின் கிணற்று ஜலத்தைச் சுத்தி செய்யாமல் குடித்தால் வாந்திபேதியும் காமாலையும் பரவும். மூழ்கிய கிணற்றைக் கூடியவரை இறைத்துவிட்டு, ஊறிய ஜலத்தில் வெளுப்புத் தூள் இட வேண்டும். 1,000 லிட்டருக்கு நல்ல தூள் 2.5 கிராம் என்பது சாதாரண அளவு. 3 மீட்டர் குறுக்களவும் 4 மீட்டர் ஜல ஆழமும் உள்ள வட்டக் கிணற்றில் சுமார் 28,000 லிட்டர் இருக்கும். ஆகவே 70 கிராம் வேண்டும். வெள்ளத்தினால் கலங்கிய ஜலத்துக்கு இது போதாது. எவ்வளவு கூட்டுவதென்பதைச் சுகாதார ஆய்வாளர் சோதித்துச் சொல்வார். தூளை வாளியில் குழைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் மேலே தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் விட்டுக் கலக்கி, ஒரு மணி நேரம் கழித்தே ஜலம் எடுக்க வேண்டும். திறந்து வைத்த தூள் வீரியம் இழந்துவிடுமாதலால், சென்ற வருஷத்து மிச்சத்தை நம்பியிராமல் மழைக்கு முன் புதிதாக வாங்கி மூடிவைப்பது நன்று.