வஞ்சிரம் பிடிக்க வாங்கினோம் ஒரு படகு!

எங்கள் ஊர் அனந்தபுரம். செஞ்சிக்குப் பக்கம். எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறை, குன்று, வேர்க்கடலைக் கொல்லை. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் மாறி மாறிப் போக வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் நாலு பேர் சேர்ந்து படகு வாங்கப் போகிறோம் என்றால் டீக்கடையில் சும்மா விடுவார்களா?

"ஏரியில முழங்கால் தண்ணிதான் இருக்கு. படகை எங்கப்பா வுடப் போறீங்க, ராஜகிரி கோட்டை மேலயா?"

நாலு பேருமே ஆபீஸ் ஆசாமிகள். ஒருத்தன் பாங்க், ஒருத்தன் தாலுகா ஆபீஸ், ஒருத்தன் இன்சூரன்ஸ் ஏஜென்ட், அடியேன் கணக்கு எழுதுகிறவன். ஞாயிற்றுக்கிழமையானால் ஏரியில் தூண்டில் போட்டு கெளுத்தி, விரால் என்று காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தோம். ஒருநாள் தெரிந்தவர் ஒருவர் தயவில் புதுச்சேரிப் பக்கம் கடலுக்குள் போனோம். ஒரு வஞ்சிரம் மாட்டியது. ஆறு கிலோ. அது நூலை இழுத்துக்கொண்டு ஓடிய ஓட்டமும், ரீல் 'கிர்ர்ர்' என்று அலறிய அலறலும்... அன்றிலிருந்து ஏரி எங்களுக்குக் கசந்து போச்சு.

ஆளுக்குக் கொஞ்சம் சீட்டுப் பணம், கொஞ்சம் பி.எஃப். லோன். இரண்டாம் கையாக ஒரு ஃபைபர் படகு வாங்கினோம். 22 அடி நீளம், 40 குதிரை சக்தி இன்ஜின் ஒன்று. எதைப் பார்த்து வாங்கினோம் தெரியுமா? பெயின்ட்! நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டு, சினிமாவில் வருகிற மாதிரி இருந்தது.

மூன்றாவது தடவை போனபோது மாட்டினோம்.

ஆனி மாதம். கரையிலிருந்து எட்டு கடல் மைல். (ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், அதாவது கிட்டத்தட்ட 15 கிலோமீட்டர்.) இன்ஜின் இரண்டு தடவை இருமியது. நின்றுவிட்டது. கயிறை இழுத்து இழுத்து பாங்க் நண்பனின் உள்ளங்கை தோல் உரிந்ததுதான் மிச்சம். அந்தச் சீசனில் காலையில் அடிப்பது மேக்காத்து. கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கும். நாங்கள் சும்மா உட்கார்ந்திருந்தாலும் படகு எங்களைக் கேட்காமல் கிழக்கே போய்க்கொண்டிருந்தது. செல்போனில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை.

"நாம இதுக்குப் பாலிசி எடுத்தோமா?" என்றான் இன்சூரன்ஸ்காரன். ஊருக்கெல்லாம் பாலிசி போடுகிறவன்!

யாரும் சிரிக்கவில்லை. பாங்க் நண்பனின் மனைவிக்கு அப்போது எட்டாவது மாசம்.

மத்தியானம் மூன்று மணிக்கு, வலை முடித்துத் திரும்பிய ஒரு படகு எங்களைப் பார்த்தது. தாலுகா ஆபீஸ்காரன் தன் சட்டையைக் கழற்றித் தூண்டில் கம்பில் கட்டி ஆட்டிக்கொண்டிருந்தான். கயிறு போட்டு இழுத்து வந்து கரை சேர்த்தார்கள். பணம் நீட்டினோம். அந்தப் படகிலிருந்த பெரியவர் வாங்கவில்லை.

"காசு கெடக்குது சார். நாளைக்குப் பொழுதோட வாங்க. படகுன்னா இன்னான்னு சொல்றேன். இல்லாட்டி இன்னொரு தபா ஒங்கள இழுக்க நான் வரணும்."

லீவு போட்டுவிட்டுப் போனோம். அந்த ஒருநாள் பாடத்தையும், அதன்பின் நாங்கள் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துத் தருகிறேன். கடல் தூண்டில் ஆசையுள்ள தம்பிமார்கள் கவனிக்க.

மேலே பார்க்காதே, அடியைப் பார்!

பெரியவர் முதலில் காட்டியது படகின் வயிற்றை. அடிப்பாகம் தட்டையாக இருந்தால் ஆற்றுக்கும் காயலுக்கும் சுகம். அலையில் வேகமாகப் போனால் முதுகெலும்பு கழன்றுவிடும். 'வி' எழுத்துபோல் கூராக இருந்தால் அலையைக் கிழித்துக்கொண்டு போகும். இந்த ஆழமான 'வி' அடியைப் பிரபலப்படுத்தியவர் அமெரிக்காவின் ரிச்சர்ட் பெர்ட்ராம். 1960-ல் மியாமியிலிருந்து நாசாவுக்கு நடந்த பந்தயத்தில், கொந்தளித்த கடலில், 'மாப்பி' என்ற அப்படிப்பட்ட படகில் ஜெயித்தார். பிறகு அதே பாணியில் வந்த 31 அடிப் படகு தூண்டில்காரர்களின் செல்லப்பிள்ளையாகிவிட்டது.

ஆனால் கூர் அதிகமானால் தொல்லையும் உண்டு. நிறுத்தித் தூண்டில் போடும்போது தொட்டில் மாதிரி ஆடும். பெட்ரோலும் அதிகம் குடிக்கும். துறைமுகம் இல்லாத இடத்தில் மணலில் ஏற்றி இறக்குவதும் கஷ்டம். ஆகவே நமக்கு மத்தியமான 'வி' போதும். தேசிங்கு ராஜன் அடங்காத குதிரையை அடக்கிய கதை நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். படகில் அந்த வீரம் வேண்டாம். அடக்கமான குதிரையாகவே வாங்குங்கள். அகலம், நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு. 24 அடிக்கு 8 அடி என்பது ஒரு நல்ல கணக்கு.

பழைய படகென்றால் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். 'டக் டக்' என்றால் சரி. 'பொத் பொத்' என்றால் ஃபைபருக்குள் இருக்கும் பலகை ஊறிப் போயிருக்கிறது. முக்கியமாக, இன்ஜின் மாட்டும் பின்பலகை. எங்கள் நீலப் படகின் பின்பலகையைப் பெரியவர் தட்டினார். 'பொத்'!

கவிழ்ந்தாலும் மூழ்காதது

"எங்க அப்பா காலத்துல கட்டுமரம். அலை பொரட்டிப் போட்டாலும் மெதக்கும். ஒங்க படகு பொரண்டா?" என்று கேட்டார் பெரியவர்.

இங்கிலீஷ்காரர்கள் நம்மிடமிருந்து 'கட்டுமரம்' என்ற வார்த்தையை எடுத்துக்கொண்டார்கள். தத்துவத்தை நாம்தான் மறந்துவிட்டோம். கட்டுமரத்தில் தண்ணீர் புகுந்து நிற்க இடமே கிடையாது. ஒவ்வொரு கட்டையும் தானே மிதவை. ஃபைபர் படகுக்கு அந்தக் குணம் வர வேண்டுமானால், தளத்துக்கு அடியிலும் பக்கங்களிலும் தண்ணீர் குடிக்காத நுரைப்பொருளை அடைத்து மூட வேண்டும். அமெரிக்காவில் 'பாஸ்டன் வேலர்' படகு செய்த டிக் ஃபிஷர், 1961-ல் பத்திரிகைப் படத்துக்காகத் தன் படகை ரம்பத்தால் இரண்டாக அறுக்கச் சொன்னார். மிச்சப் பாதியில் ஜம்மென்று ஓட்டிக்கொண்டு போனார்! விளம்பரம்தான். ஆனால் உண்மையான விளம்பரம்.

ஒரு இன்ஜினை நம்பாதே

எங்களை நிறுத்தியது எது தெரியுமா? பெட்ரோலில் கலந்திருந்த தண்ணீர். தண்ணீரைப் பிரிக்கும் ஃபில்டர் ஒன்று வைத்திருந்தால் அன்று நாங்கள் மூன்று மணிக்கு வீட்டில் மீன் குழம்பு சாப்பிட்டிருப்போம்.

எழுத்தாளர் எர்னஸ்ட் ஹெமிங்வே 1934-ல் வாங்கிய 'பிலார்' படகு 38 அடி. அதில் 75 குதிரை இன்ஜின் ஒன்று. அது மக்கர் செய்தால் மெதுவாக ஊர்ந்து வீடு திரும்ப 40 குதிரை இன்ஜின் தனியாக. பெரிய மீனை உள்ளே இழுப்பதற்காகப் பின்பக்கத்தை ஓரடி தாழ்த்தி, ஒரு உருளையும் வைத்துக்கொண்டார். நம் பட்ஜெட்டுக்கு ஒரு பெரிய இன்ஜினும், பக்கத்தில் 9.9 குதிரை ஒன்றும் போதும். ஆனால் இரண்டுக்கும் தனித்தனி டாங்க் வேண்டும். ஒரே டாங்க் என்றால் ஒரே தண்ணீர் இரண்டையும் நிறுத்திவிடும்!

எண்ணெய்க் கணக்கு: போக மூன்றில் ஒரு பங்கு, வர ஒரு பங்கு, அவசரத்துக்கு ஒரு பங்கு. 40 குதிரை இன்ஜின் முழு வேகத்தில் மணிக்குச் சுமார் 15 லிட்டர் குடிக்கும். விலையைப் பெருக்கிப் பார்த்தால் வஞ்சிரத்தை மார்க்கெட்டில் வாங்குவது லாபம் என்று தெரியும். (இந்தப் பாராவை வீட்டில் காட்டாதீர்கள்.)

உள்ளே என்னென்ன?

தளம் கடல்மட்டத்துக்கு மேலே இருந்து, ஏறிய தண்ணீர் ஓட்டை வழியே தானே வெளியேற வேண்டும். பக்கச் சுவர் தொடை உயரமாவது வேண்டும். முழங்காலுக்குக் கீழே இருந்தால் மீன் இழுக்கிற இழுப்பில் நாமே உள்ளே போய்விடுவோம். ஸ்டியரிங் நடுவில் இருந்தால் சுற்றிலும் நடந்து மீனோடு மல்லுக்கட்டலாம். தூண்டில் சொருக நாலு குழாய், ஒரு ஐஸ் பெட்டி, தலைக்கு மேல் நிழல். ஆழமும் மீன் கூட்டமும் காட்டும் எக்கோ சவுண்டர் இருந்தால் நல்லது.

இதெல்லாம் மீனுக்கு. உயிருக்கு? ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், பெட்டியில் இல்லை, உடம்பில். வி.எச்.எஃப். ரேடியோ, ஆபத்துக்கு 16-வது சானல். ஜி.பி.எஸ்.ஸும், பாட்டரி தேவைப்படாத காம்பஸும். ஒளி வெடி, விசில், டார்ச். ஆழத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு நீளமான நங்கூரக் கயிறு. தண்ணீர் இறைக்கும் பம்ப்; அது கெட்டால் ஒரு பிளாஸ்டிக் பக்கெட். குடிதண்ணீர். போனில் சிக்னல் இருக்கும்வரை கடலோரக் காவல்படையின் 1554.

பதிவு எண்ணும் அடையாள அட்டையும் மறக்கக் கூடாது. 2008 மும்பைத் தாக்குதலுக்கு ஆட்கள் வந்தது, கடத்தப்பட்ட ஒரு மீன்பிடிப் படகில். அதற்குப் பிறகு கடலில் சோதனை கடுமை.

எல்லாவற்றுக்கும் மேல், வானிலை எச்சரிக்கை. 2017-ல் ஒக்கிப் புயலில் குமரிக் கடலோரத்து மீனவர்கள் எத்தனையோ பேர் திரும்பவில்லை. அவர்கள் கடலிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். நாம் வேர்க்கடலைக் கொல்லையில் வளர்ந்தவர்கள்.

அப்புறம்?

கணக்குப் போட்டேன். அது என் தொழில். எல்லாம் வைத்த படகு எங்கள் நாலு சம்பளத்துக்குத் தாங்காது. வாரம் ஆறு நாள் சும்மா கிடக்கும் இன்ஜினும் கெட்டுப் போகும். தயங்கித் தயங்கிப் பெரியவரிடம் ஒரு யோசனை சொன்னோம். நீலப் படகை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, அந்தப் பணத்தில் அவர் மகனுடைய 30 அடிப் படகுக்கு நுரை அடைப்பு, சின்ன இன்ஜின், ஃபில்டர், ரேடியோ எல்லாம் போட்டுத் தருகிறோம். ஆறு நாள் அவர்கள் பிழைப்புக்கு. ஞாயிறு மட்டும் நாங்கள் கூட வருகிறோம். அதிகாரிகள் கேட்ட காகிதங்களையும் கொடுத்துவிடுகிறோம்.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "மொதல்ல ரேடியோவப் போடு சார். மத்தது அப்புறம்" என்றார். அவருடைய தம்பி ஒருவர் பல வருஷத்துக்கு முன்பு கடலுக்குப் போய்த் திரும்பவில்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

போன மாதம் ஒரு ஞாயிறு. பாதி வழியில் மகன் வானத்தைப் பார்த்தார். "திரும்பிடலாம் சார்" என்றார். ஒரு தூண்டில்கூடப் போடவில்லை. ஒருத்தனும் "ஏன்?" என்று கேட்கவில்லை. பாங்க் நண்பன்தான் முதலில் தலையாட்டினான். அவன் பெண்ணுக்கு இப்போது இரண்டு வயசு.

வெறுங்கையோடு போனால் டீக்கடையில் மானம் போகுமே என்று வழியில் செஞ்சியில் இறங்கி இரண்டு கிலோ பாறை வாங்கிக்கொண்டு போனோம்.

வீட்டில் பையைப் பிரித்துப் பார்த்த என் மனைவி ஒரே கேள்விதான் கேட்டாள்.

"ஏங்க, கடல்ல பிடிக்கறப்பவே துண்டு போட்டுத்தான் மீன் வருதா?"