காதடிக் கட்டிக்கு முதலில் ஊசி, பிறகு கத்தி

மலேசியாவின் ஜொகூரில், குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் சாலையில், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த காஹாங் போன்ற ஊர்களில் காதுக்குக் கீழே வீங்கினால் பலருக்கும் சட்டென்று நினைவுக்கு வருவது பொன்னுக்கு வீங்கிதான். ஆனால் அது காய்ச்சலும் வலியுமாக வந்து, பத்து நாளில் வடிந்துவிடும். வலியே இல்லாமல், மாதக்கணக்கில் ஒரே இடத்தில், தொட்டால் ரப்பர் போல நழுவும் கட்டியின் கதை வேறு. அது உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டியாக இருக்கலாம். இத்தகைய கட்டிகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு காதடியிலுள்ள பரோடிட் சுரப்பியில் வருகின்றன. அவற்றிலும் ஏறத்தாழ 80 விழுக்காடு புற்றல்ல. நாவுக்கடியில் உள்ள சின்னச் சுரப்பியில் வந்தாலோ பெரும்பாலும் புற்றுதான். சுரப்பி சிறுக்கச் சிறுக்கச் சந்தேகம் பெருக வேண்டும்.

எப்படியும் அறுத்து எடுக்கத்தானே போகிறார்கள், அதற்கு முன் ஊசியால் செல்களை உறிஞ்சிப் பார்க்கும் சோதனை எதற்கு என்று கேட்கலாம். எல்லாவற்றையும் அறுக்கத் தேவையில்லை என்பதுதான் பதில். காசநோய்க் கழலையும் லிம்போமாவும் இதே இடத்தில் இதே போல வீங்கும். அவற்றுக்கு மருந்துதான் சிகிச்சை. புகைபிடிப்பவர்களுக்கு அதிகம் வரும் வார்தின் கட்டி புற்றாக மாறுவது மிக அரிது. முதியவருக்கென்றால் அறுக்காமல் கண்காணிக்கலாம். மிகப் பரவலான பிளியோமார்ஃபிக் அடினோமாவை அப்படி விடக்கூடாது. ஆண்டுகள் போகப் போக அதில் ஒரு சிறு பங்கு புற்றாகிறது. அதன் உறையும் மெல்லியது. கட்டியை மட்டும் தோண்டி எடுத்த காலத்தில் பலருக்குப் பல ஆண்டு கழித்து மறுபடி முளைத்தது. சோதனைக்கென்று ஒரு துண்டை வெட்டி எடுப்பதும் இதனால்தான் தவறு. போதாததற்கு, கண்ணை மூடவும் சிரிக்கவும் வைக்கும் முகநரம்பு இந்தச் சுரப்பிக்குள்ளேதான் கிளை பிரிகிறது. பெயர் தெரியாத கட்டிக்காக அந்த இடத்தில் கத்தி வைக்கலாமா?

ஊசி குத்தினால் புற்று பரவும் என்ற அச்சம் நம்மிடையே ஆழமாக உண்டு. இங்கே பயன்படும் ஊசி பெரும்பாலும் ரத்தம் எடுப்பதைவிட மெல்லியது. அதனால் பரவுவது மிகமிக அரிது. அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே உறிஞ்சிய செல்களைக் கண்ணாடிச் சில்லில் தடவி ஜீம்சா சாயம் ஏற்றினால், அடினோமாவின் செல்களுக்கிடையே உள்ள இழை போன்ற பொருள் மெஜந்தா நிறத்தில் பளிச்சென்று தெரியும். ஊசியும் சில நேரம் தடுமாறும், உண்மைதான். உமிழ்நீர்ச் சுரப்பி ஊசிச் சோதனை முடிவுகளுக்காக 2018இல் வெளிவந்த மிலான் வகைப்பாட்டில் ‘போதிய செல் இல்லை’, ‘உறுதியாகச் சொல்ல முடியாது’ என்பவற்றுக்கும் தனி இடம் உண்டு. அப்படி வந்தால் மறுபடி எடுக்கலாம், எம்ஆர்ஐ பார்க்கலாம். என் கணக்கில் இது குறையல்ல, நேர்மை.

காதடியிலோ தாடைக்கடியிலோ உள்ள கட்டி மூன்று வாரத்தில் வடியாவிட்டால், வலிக்கவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். அரசு கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் வாங்கிக் குளுவாங் மருத்துவமனைக்குப் போங்கள். கட்டியோடு வாயும் கோணினால் அன்றைக்கே போங்கள்.