ஆக்சிஜன் குறையும்போது நொதி ஏன் கூடுகிறது?

சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்குத் தரப்படும் புதிய மாத்திரைகளைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தோம். அதில் ஒரு வரி: 'ஆக்சிஜன் குறையும்போது, ஆக்சிஜனைக் கொண்டே வேலை செய்யும் பிஎச்டி-2 நொதியைச் செல் கூடுதலாக உற்பத்தி செய்கிறது.' 'குறைவாக' என்பதுதான் 'கூடுதலாக' என்று அச்சாகிவிட்டதா எனக் கேட்டுத்தான் இந்த வாரம் அதிகக் கடிதங்கள். பக்கம் இன்று மாலை அச்சுக்குப் போகிறது. அதற்குள் இதைத் தெளிவாக்கிவிட வேண்டும். அது அச்சுப்பிழை அல்ல.

2019 மருத்துவ நோபல் பரிசு வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா மூவருக்கும் கிடைத்தது செல் ஆக்சிஜன் அளவை உணரும் ஏற்பாட்டைக் கண்டறிந்ததற்காகத்தான். எச்ஐஎஃப் என்ற புரதத்தைச் செல் ஓயாமல் தயாரிக்கிறது. பிஎச்டி-2 அதன் 402, 564ஆம் இடங்களில் உள்ள புரோலின்களில் ஹைட்ராக்சில் முத்திரை குத்துகிறது. விஎச்எல் என்ற இன்னொரு புரதம் அந்த முத்திரையைப் பார்த்து, எச்ஐஎஃப்பை அழிவுக்கு அனுப்புகிறது. முத்திரை குத்த ஆக்சிஜன் வேண்டும். அது குறைந்தால் எச்ஐஎஃப் சேர்ந்து, நூற்றுக்கணக்கான மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. சிறுநீரகத்தில் எரித்ரோபாய்டின் சுரக்கிறது, ரத்தத்தில் சிவப்பணு பெருகுகிறது.

எச்ஐஎஃப் முடுக்கிவிடும் அந்த மரபணுக்களில் ஒன்று பிஎச்டி-2வுக்கு உரிய மரபணு. தன்னை அழிக்கும் நொதியை எச்ஐஎஃப்பே வரவழைக்கிறது. அதுவும் அந்த நொதிக்கு வேலை செய்ய ஆக்சிஜன் கிடைக்காத நேரத்தில். நெல் வரத்து குறைந்த நாளில் அரிசி ஆலைக்கு ஆள் சேர்ப்பது போன்றது இது.

இதில் இரண்டு லாபம். ஒன்று, ஆக்சிஜன் அடியோடு இல்லாமல் போவது அரிது, கொஞ்சம் இருக்கும். ஆள் கூடினால் அந்தக் கொஞ்சத்தை வைத்தே சிறிது வேலை நடக்கும். எச்ஐஎஃப் வரம்பின்றி ஏறாமல் ஓர் அளவில் நிற்கும். இரண்டாவது லாபம், ஆக்சிஜன் திரும்பும் கணத்தில் கிடைப்பது. லோடு வந்து இறங்கியதுமே மொத்த ஆளும் வேலையில் இறங்கிவிடுகிறார்கள்.

ஆய்வகத் தட்டில் இதைக் கண்ணால் பார்க்கலாம். குறை ஆக்சிஜன் பெட்டியில் வைத்த செல்களை வெளியே எடுத்தால், சேர்ந்திருந்த எச்ஐஎஃப் சில நிமிடங்களில் கரையத் தொடங்குகிறது. வியப்பு என்னவென்றால், பெட்டிக்குள் அதிக நேரம் இருந்த செல்களில் அது இன்னும் வேகமாக மறைகிறது. மூச்சுத் திணறலில் கழித்த நேரத்தைச் செல் வீணாக்கவில்லை. பஞ்சம் முடியும் நாளுக்கு அப்போதே ஆயத்தம் செய்துவிட்டது.

எனக்குக் கவலை தருவதும் இதே ஏற்பாடுதான். 'நொதியின் வெளிப்பாடு அதிகம்' என்று ஓர் அறிக்கை சொன்னால், நொதி அதிகம் உழைக்கிறது என்றே படிக்கிறோம். சிறுநீரகப் புற்றுநோயின் பரவலான வகையில் பெரும்பாலும் விஎச்எல் பழுதாகியிருக்கும். முத்திரையைப் பார்க்க ஆளில்லை, எச்ஐஎஃப் அழிவதில்லை. அதன் தூண்டுதலால் இதே குடும்பத்தைச் சேர்ந்த பிஎச்டி-3 நொதி அங்கே குவிந்து கிடக்கிறது. குவிந்து என்ன பயன்? அளவு வேறு, வேலை வேறு.

மாத்திரைகளுக்கு வருவோம். 'எச்ஐஎஃப் நிலைப்படுத்தி' என்கிறார்கள். 'உயரமான மலையில் உடல் செய்வதையே இயற்கையாகச் செய்ய வைக்கும்' என்கிறார்கள். நான் சொல்லும் விளக்கம் சுருக்கமானது: இவை பிஎச்டி நொதியைத் தடுக்கும் மருந்துகள். தடுத்தால் எச்ஐஎஃப் ஏறும். ஏறினால் செல் மேலும் நொதியை அனுப்பும். அதையும் மருந்து தடுத்தாக வேண்டும். மலையேறியவர் கீழே இறங்கினால் அந்த நொதி உடனே வேலைக்குத் திரும்பும். மாத்திரையின் வீரியம் தீரும்வரை இங்கே அது நடக்காது. இந்தியாவில் டெசிடுஸ்டாட்டுக்கு 2022இல் அனுமதி கிடைத்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021இல் ராக்சாடுஸ்டாட்டுக்கு அனுமதி மறுத்தது. 2023இல் டாப்ரோடுஸ்டாட்டை டயாலிசிஸ் நோயாளிகளுக்கு மட்டும் அனுமதித்தது. ரத்தம் உறையும் ஆபத்து பற்றிக் கட்டம் கட்டிய எச்சரிக்கையோடு. 'இயற்கை' என்ற சொல்லைப் படிக்கும்போது அந்தக் கட்டத்தையும் சேர்த்துப் படியுங்கள்.

மற்றக் கேள்விகள்:

மூச்சை அடக்கிப் பழகினால் ரத்தம் ஊறுமா? ஊறாது, எரித்ரோபாய்டின் ஏற மணிக்கணக்கும், சிவப்பணு பெருக நாள்கணக்கும் ஆகும்.

உயரமான மலைப்பகுதியில் வாழும் திபெத்தியர்கள்? பிஎச்டி-2 மரபணுவிலும் எச்ஐஎஃப் குடும்ப மரபணு ஒன்றிலும் அவர்களிடம் தனி மாற்றங்கள் உண்டு. அவ்வளவு உயரத்திலும் பலருக்கு ஹீமோகுளோபின் அதிகம் ஏறுவதில்லை.

விளையாட்டு வீரர்கள் சாப்பிடலாமா? உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் தடைப்பட்டியலில் இருக்கிறது.

அப்பா வாரம் மூன்று நாள் சாப்பிடுகிறார், நிறுத்திவிடலாமா? நீங்களாக நிறுத்த வேண்டாம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கம், டயாலிசிஸ் போடும் கையில் அதிர்வு நின்றுபோவது — எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஹீமோகுளோபின் பரிசோதனையையும் தள்ளிப்போடாதீர்கள். 'போதும்' என்று சொல்லும் நொதியை மாத்திரை கட்டிப்போட்டிருக்கிறது. அதைச் சொல்ல இப்போது அந்தப் பரிசோதனைதான் இருக்கிறது.