தரங்கம்பாடித் தருமப் பள்ளி

காவிரி கடலொடு கலக்கும் பூம்புகாருக்குத் தெற்கே, பொறையாற்றை அடுத்துக் கடற்கரையில் அமைந்திருப்பது தரங்கம்பாடி. தரங்கம் என்பது அலை. அலைகள் பாடும் ஊர் என்று அப்பெயருக்குப் பொருள் கூறுவர். 1620-ஆம் ஆண்டில் தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கர் இவ்வூரை டென்மார்க்கு நாட்டு வணிகருக்கு, ஆண்டுதோறும் திறை செலுத்தும் உடன்படிக்கையின்பேரில் அளித்தார். அவர்கள் எழுப்பிய கோட்டை இன்றும் கடலை நோக்கி நிற்கின்றது. வணிகத்திற்காக எழுந்த அக்கோட்டையைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். அதன் அருகே ஏழைப் பிள்ளைகளுக்காக நடைபெற்ற பள்ளியைப் பற்றியும், அப்பள்ளிக்கு உழைத்துக்கொண்டே அயல்மண்ணில் இல்லறம் நடத்தியவர்களைப் பற்றியும் இங்கே காண்போம்.

தஞ்சைத் தரணி நெற்களஞ்சியம் எனப் புகழ்பெற்றது. ஆயினும் அக்களஞ்சியமும் வெறுமையான காலங்கள் உண்டு. மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிக்கப்படுவதற்கு முன், காவிரி வந்தால் வெள்ளம், வாராவிட்டால் வறட்சி என்பதே பல ஆண்டுகளில் உழவர் கண்ட நிலை. இவற்றோடு போரும் சேர்ந்துவிட்டால் சொல்ல வேண்டுவதில்லை. 1659 முதல் 1661 வரை தஞ்சை நாட்டைப் பஞ்சம் வாட்டியபோது, பசி தாங்காத மக்கள் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்றனர். நாகப்பட்டினத்தில் அப்போதுதான் காலூன்றியிருந்த ஒல்லாந்தர் அவர்களை அடிமைகளாக வாங்கிக் கப்பலேற்றினர். நெல் விளையும் நாட்டில் பிள்ளைகளை விலைக்குக் கொடுத்த இச்செய்தியை நாம் மறைக்க வேண்டுவதில்லை. பெற்றோரை இழந்த பிள்ளைக்கு அக்காலத்தில் என்ன நேரக்கூடும் என்பதை இதனின்றும் உணரலாம்.

1706-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 9-ஆம் நாள், டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடெரிக்கு அனுப்பிய செருமானியர் இருவர் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். ஒருவர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. மற்றவர் என்றிக் புளுட்சோ. சமயப்பணி செய்தற்கே அவர்கள் வந்தனர். சீகன்பால்குவுக்கு அப்போது வயது இருபத்து நான்குக்கு மேல் இராது. தமிழ் கற்க அவர் மேற்கொண்ட வழி குறிப்பிடத்தக்கது. திண்ணைப்பள்ளி நடத்திவந்த முதிய ஆசிரியர் ஒருவரை, மாணவர்களோடு தம் இருப்பிடத்திற்கே வந்து பாடம் நடத்துமாறு வேண்டிக்கொண்டார். சிறுவர்களோடு தாமும் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகினார். பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தவர், முதலிற் பிள்ளைகளோடு பிள்ளையாகப் பள்ளியில் அமர்ந்தார் என்பது என் போன்ற தமிழாசிரியர்க்கு மகிழ்ச்சி தருவதாகும். இரண்டே ஆண்டுகளில், நம் சிறுவர் மனப்பாடம் செய்யும் கொன்றை வேந்தனையும் உலகநீதியையும், அவற்றோடு நீதிவெண்பாவையும் அவர் செருமானிய மொழியில் பெயர்த்தார். நம் சமயங்களைப் பற்றி அவர் கொண்டிருந்த கருத்துகள் பலவற்றை நாம் ஏற்றல் இயலாது. எனினும் நம் நூல்களை அவர் தேடித் தேடிக் கற்றார் என்பதை மறுத்தலும் இயலாது.

1707-ஆம் ஆண்டில் பள்ளி தொடங்கிற்று. இதற்கு முன்மாதிரி செருமனியில் ஆலே நகரின் அருகே இருந்தது. பிராங்கே என்னும் பேராசிரியர் 1695-இல் சிறு உண்டியற் பணத்தைக் கொண்டு ஏழைச் சிறுவர்க்குக் கல்வி அளிக்கத் தொடங்கினார். அது சில ஆண்டுகளில் பெரியதோர் அநாதை இல்லமாக வளர்ந்தது. அவ்வில்லத்தின் அச்சுக்கூடமும் மருந்துச்சாலையும் ஈட்டிய பொருள் பிள்ளைகளின் உணவுக்கு உதவிற்று. அம்முறையே தரங்கம்பாடிக்கும் வந்தது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, போர்த்துக்கேய மொழி பேசும் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி எனத் தனித்தனியே நடந்தன. பெண் குழந்தைகளும் கற்பிக்கப்பட்டனர். திண்ணைப்பள்ளிகளில் சிறுமியர் அமர்வது மிக அரிதாயிருந்த காலம் அது.

இதனைத் தருமப் பள்ளி என்பதற்குக் காரணம் உண்டு. கற்பித்தலோடு உணவும் உடையும் அங்கே அளிக்கப்பட்டன. ஏழையின் பிள்ளை ஆடு மேய்த்தோ நாற்றங்காலில் பறவை ஓட்டியோ வீட்டிற்கு ஒரு பிடி அரிசி கொண்டுவரும் பிள்ளை. அப்பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்தால் அந்த ஒரு பிடி அரிசிக்கு யார் பொறுப்பு? ஆதலின் சுவடியும் சோறும் ஒருங்கே வேண்டியிருந்தன.

பொருளுக்கு அவர்கள் பட்ட இடர் பெரிது. தரங்கம்பாடியில் கப்பல் அணையும் துறைமுகம் இல்லை. கப்பல் தொலைவில் நங்கூரம் இட, படகுகள் அலைகளைக் கடந்து பொருள்களைக் கரைசேர்க்கும். 1708-இல் ஐரோப்பாவிலிருந்து அவர்களுக்கு வந்த பணப்பெட்டி, கரையைக் கண்ணெதிரே கண்ட நிலையிற் கடலில் வீழ்ந்துபோயிற்று. ஓராண்டிற்கு மேலாக எதிர்பார்த்திருந்த பணம் அது. அதே ஆண்டின் இறுதியில், டேனிய ஆளுநர் ஆசியசு சீகன்பால்குவைச் சிறையில் அடைத்தார். நான்கு திங்கள் சிறையிருந்த பின்னரே அவர் வெளிவந்தார். பள்ளி இவற்றையெல்லாம் தாங்கி நின்றது. 1709-இல் வந்து சேர்ந்த கிரண்ட்லர் என்பவர் அவருக்கு உற்ற துணையானார். இவர் தமிழ் மருத்துவ முறைகளை ஆராய்ந்து நூல் எழுதியவர். 1713-இல் ஆலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் வந்து சேர்ந்தன. அவை அளவிற் பெரியனவாய்த் தாளை விழுங்கியமையால், தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன.

சீகன்பால்கு 1714-இல் ஐரோப்பா சென்றார். மலையப்பன் என்னும் தமிழரும் உடன் சென்றார். அங்கே தங்கியிருந்த காலத்தில் மரியா தொரொத்தேயா என்னும் அம்மையாரை மணந்து, 1716-இல் மனைவியோடு தரங்கம்பாடிக்கு மீண்டார். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிவரும் அக்கடற்பயணம் பல திங்கள் நீடிப்பது. பிறந்தகத்திற்கு ஒரு கடிதம் எழுதி அதற்கு மறுமொழி பெறுவதற்கு ஓராண்டும் போதாது. வெம்மையும் காய்ச்சலும் புதியன. பேச்சுத்துணைக்குத் தம் மொழி பேசும் பெண்கள் மிகச் சிலரே. இந்நிலையில் அவ்வம்மையார் குழந்தைகளைப் பெற்று வளர்த்தார். நம் வரலாற்று நூல்கள் கணவரைப் பற்றிப் பல பக்கங்கள் எழுதி, இவரை ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. அது முறையன்று.

மாணவர்களே, இனிக் கூறப்போவதைக் கருத்தூன்றிப் படியுங்கள். இப்பணியை மேற்பார்த்த அவை டென்மார்க்கின் தலைநகரான கோபன்கேகனில் இருந்தது. அதன் செயலராக இருந்த வெண்டு என்பவருக்குத் தரங்கம்பாடியில் நடப்பது பிடிக்கவில்லை. சமயப் பணியாளர் உடைமையின்றி ஊர் ஊராகச் செல்ல வேண்டுமேயன்றிக் கட்டடங்களிலும் பள்ளிகளிலும் பணத்தை முடக்கலாகாது என்பது அவர் கொள்கை. கேட்பதற்கு அஃது உயர்ந்த கொள்கையே. துறவிக்கு ஓரிடத்தில் களஞ்சியம் வேண்டுவதில்லை. ஆனால் நாள்தோறும் உண்ண வேண்டிய பிள்ளைகள் இருக்கும் இடத்தில் களஞ்சியம் இல்லாமல் முடியுமா? பல்லாயிரம் கல் தொலைவில் அமர்ந்து கணக்குப் பார்த்தவருக்கு அப்பிள்ளைகளின் முகம் தெரியவில்லை. அவருடைய கடுங்கடிதங்கள், நோயுற்றிருந்த சீகன்பால்குவை மிகவும் வருத்தின. 1719-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 23-ஆம் நாள், நாற்பது வயது நிரம்புமுன்னரே அவர் காலமானார். அடுத்த ஆண்டு மார்ச்சுத் திங்களிற் கிரண்ட்லரும் மறைந்தார். இருவரும் தாம் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டனர். சீகன்பால்குவின் மனைவி ஐரோப்பாவுக்குத் திரும்பிச் சென்றார். பள்ளியோ மூடப்படவில்லை.

திரும்பிச் செல்லாமலே இங்குத் தங்கிவிட்ட குடும்பமும் உண்டு. 1737-இல் வந்த கோலாப் என்பவர் 1790-இல் இறக்கும்வரை தரங்கம்பாடியிலேயே வாழ்ந்தார். அவர் மகன் சான் காசுபர் 1762-இல் இம்மண்ணிற் பிறந்து, தமிழைக் கேட்டு வளர்ந்து, தஞ்சையிற் பணிபுரிந்து 1844-இல் மறைந்தார். பேரரும் இந்நாட்டிலேயே அப்பணியைத் தொடர்ந்தார். சான் காசுபரைச் சிறுவயதிலேயே ஏற்றுக் கல்வி புகட்டியவர் சுவார்ட்சு ஐயர். அவர் மணம் செய்துகொள்ளாதவர். ஆயினும் பிறர் பிள்ளைகள் பலருக்குத் தந்தையாய் விளங்கினார். ஐதர் அலியின் படையெடுப்பால் 1781-ஐ ஒட்டித் தஞ்சையிற் பஞ்சம் மிகுந்தபோது பட்டினி கிடந்தோருக்கு அரிசி வழங்கினார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து அவர் அழைத்துவந்த சிறுவரே பின்னாளில் தஞ்சை வேதநாயக சாத்திரியார் எனப் புகழ்பெற்றார். தஞ்சை மன்னர் துளசா தம் சுவீகார புதல்வர் சரபோசியையும் இவர் பாதுகாப்பிலேயே விட்டுச் சென்றார்.

ஆதரவற்ற பிள்ளைகளைப் பேணும் அறத்தை வெளிநாட்டார் வந்துதான் நமக்குக் கற்பித்தனர் என்று எவரும் கருதிவிட வேண்டா. 1798-இல் அரியணை ஏறிய சரபோசி மன்னர், இராமேசுவரம் செல்லும் வழியில் தம் முன்னோர் அமைத்த சத்திரங்களை உயிரினும் மேலாகப் போற்றினார். ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் பெயரால் தாமும் ஒரு சத்திரம் கட்டினார். அச்சத்திரங்களின் நடைமுறையை விளக்கி அவர் 1801-இல் ஆங்கில அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரத்திற்கு வரும் எல்லாச் சாதியார்க்கும் சோறு உண்டு. குழந்தைகளுக்குப் பால் உண்டு. கருவுற்ற பெண்டிர்க்குத் தனிக் கவனிப்பு உண்டு. வழிப்போக்கர் இறந்து அவர்தம் பிள்ளைகள் அநாதைகளாக நின்றால், அங்குள்ள ஆசிரியர் அவர்களை ஏற்றுக்கொள்வார். நாளுக்கு மூன்று வேளை உணவு, நான்கு நாளைக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கு, நோய் வந்தால் மருந்து, உடுக்க உடை. எந்தக் கலையில் விருப்பமோ அதில் பயிற்சி தரப்படும். கற்றுத் தேர்ந்து வளர்ந்தபின் அவர்களுடைய திருமணச் செலவையும் சத்திரமே ஏற்கும்.