கொல்கத்தா நியூ மார்க்கெட்டில் சேலை வாங்கப் போகிறீர்களா? முதலில் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள்!

கொல்கத்தா: சென்னையில் இருந்து ரயிலில் ஹவுரா வந்திறங்கும் பயணிகள், ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் செல்லும் மெட்ரோவில் ஏறினால் சில நிமிடங்களில் எஸ்பிளனேடு நிலையத்தை அடைந்துவிடலாம். 2024 மார்ச் மாதம் திறக்கப்பட்ட இந்த வழித்தடத்தால், நகரின் மிகப் பழமையான வணிக வளாகங்களுள் ஒன்றான நியூ மார்க்கெட்டுக்குச் செல்வது எளிதாகியுள்ளது. ஆனால், சந்தைக்குள் நுழைந்த பிறகு சரியான பொருளைச் சரியான விலைக்கு வாங்குவது அத்தனை எளிதன்று.

ஆங்கிலேயருக்காகக் கட்டப்பட்ட சந்தை

இந்தியர்களுடன் ஒரே கடைவீதியில் பொருள் வாங்க விரும்பாத ஆங்கிலேயக் குடியிருப்பாளர்கள், தங்களுக்கெனத் தனிச் சந்தை வேண்டுமென வற்புறுத்தியதன் விளைவாகவே இது உருவானது. லிண்ட்சே தெருவில் ரிச்சர்ட் பெய்ன் வடிவமைத்த செங்கல் கட்டடம் 1874 ஜனவரி 1ஆம் தேதி திறக்கப்பட்டது. முன்னாள் மாநகராட்சித் தலைவர் ஸ்டூவர்ட் ஹாக்கின் பெயர் இதற்கு 1903இல் சூட்டப்பட்டது. எனினும், நூற்றைம்பது ஆண்டுகளைக் கடந்தும் மக்கள் இதனைப் 'புதிய' சந்தை என்றே அழைக்கின்றனர். 1985இல் ஏற்பட்ட தீ விபத்தில் ஒரு பகுதி எரிந்து, மீண்டும் கட்டப்பட்டது. பாக்தாத் யூதக் குடும்பம் 1902இல் தொடங்கிய நாஹூம் பேக்கரியில் இன்றும் கிறிஸ்துமஸ் காலத்தில் பிளம் கேக்கிற்கு நீண்ட வரிசை நிற்கிறது.

வாசலிலேயே கூடையுடன் சுமைதூக்குவோர் பயணிகளை அணுகுவர். அவர்கள் அழைத்துச் செல்லும் கடையில் அவர்களுக்குரிய தரகும் விலையில் சேர்ந்துவிடுவது வழக்கம். அதைக் குறை கூறுவதற்கில்லை; அது அவர்களின் பிழைப்பு. வழிகாட்டல் வேண்டாமெனில், தொடக்கத்திலேயே பணிவுடன் மறுத்துவிடுவது நல்லது.

கைத்தறியா, விசைத்தறியா?

வெளியூர்ப் பயணிகள் பெரும்பாலும் ஏமாறுவது சேலையில்தான். நியூ மார்க்கெட் ஆனாலும் தெற்கே கரியாஹாட் ஆனாலும், ஜாம்தானி, தாங்கைல், பாலுச்சரி என்ற பெயர்களில் விசைத்தறிச் சேலைகளும் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. கையால் நெய்த ஜாம்தானியில் ஒவ்வொரு புட்டாவுக்கும் தனி நூலை நெசவாளர் விரலால் கோத்து வாங்குகிறார். எனவே பின்புறமும் ஏறக்குறைய முன்புறம் போலவே காணப்படும். இயந்திரத்தில் நெய்ததில், புட்டாக்களுக்கு இடையே ஓடிய நூலைக் கத்தரித்த நுனிகள் பின்புறத்தில் துருத்தி நிற்கும். சேலையைத் திருப்பிப் பார்த்தால் இந்த வேறுபாடு தெரிந்துவிடும்.

முத்திரையிலும் ஒரு நுட்பம் உண்டு. 'சில்க் மார்க்' என்பது தூய பட்டு என்பதற்கு மட்டுமே சான்று. கையால் நெய்யப்பட்டது என்பதற்கன்று. அதற்குக் கைத்தறி முத்திரை தனியே இருக்க வேண்டும். காஞ்சிபுரம் பட்டு வாங்கிப் பழகிய நம்மவர்களும் இதில் குழம்புகின்றனர்.

தாங்கைல் சேலைக்குப் பின்னால் ஒரு பிரிவினைக் கதையும் இருக்கிறது. தாங்கைல் என்னும் ஊர் இருப்பது இன்றைய வங்கதேசத்தில். பிரிவினையை ஒட்டிய காலத்தில் அங்கிருந்து இடம்பெயர்ந்த நெசவாளர்கள் நதியா மாவட்டத்தின் ஃபுலியா போன்ற ஊர்களில் தறி அமைத்தனர். 2024 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் தாங்கைல் சேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது வங்கதேசத்தில் எதிர்ப்பு எழுந்தது. அடுத்த மாதமே அந்நாடும் தன் சேலைக்குக் குறியீடு வழங்கியது. இரு நாடுகள் உரிமை கோரும் நெசவை, விசைத்தறி நகல் பாதி விலைக்குக் கீழே தள்ளுகிறது என்பதே ஃபுலியா நெசவாளருக்கு உள்ள பெருங்கவலை.

பேரம் பேசத் தயங்குவோர், மாநிலக் கைத்தறிக் கூட்டுறவு அமைப்பான தந்துஜாவின் கடைகளுக்கோ, தாகுரியா அருகில் பல மாநில அரசு விற்பனை நிலையங்கள் அமைந்துள்ள தக்ஷிணாபன் வளாகத்திற்கோ செல்லலாம். அங்கே விலை நிலையானது.

எப்போது செல்வது?

துர்கா பூஜைக்கு முந்தைய வாரங்களில் கடைவீதிகளில் நடக்கவே இடம் இராது. நம் ஊர் ஆடித் தள்ளுபடியைப் போல, வங்காளப் புத்தாண்டுக்கு முன், மார்ச் நடுப்பகுதி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை 'சைத்ர சேல்' நடைபெறும். குளிர்காலத்தில் சென்றால் புதிய பேரீச்ச வெல்லத்தில் செய்த நோலன் குர் சந்தேஷ் கிடைக்கும். வேறு பருவத்தில் அந்த மணம் வாய்க்காது.

ஊர்ச் சமையலுக்கு ஏங்குவோர் லேக் மார்க்கெட் பகுதிக்குச் செல்லலாம். தென்னிந்தியர்கள் நெடுங்காலமாக வசிக்கும் அப்பகுதியில் வாழையிலையும் காபித் தூளும் மல்லிகைச் சரமும் கிடைக்கின்றன.